நான் மாட்டிய இரண்டாவது தாழ்ப்பாள்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வலது கையை வந்து பார்க்கலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றுவரை மடங்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் இதெல்லாம் இதில் கிடையாது. நடந்தது பட்டப்பகலில். ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் தச்சன். கதவும் ஜன்னலும் மட்டும்தான் செய்வேன். கட்டில், பீரோ என்று யாராவது வந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். என் பட்டறைச் சுவரில் பத்தொன்பது வருஷமாக ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு நகரம் ஒன்று. ஆற்றங்கரையில் உயரம் உயரமாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கதவு. செத்தாலும் அந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தேன். "அந்தக் காலண்டர்தான் எனக்குச் சக்களத்தி" என்பாள் என் மனைவி.

அவள் தம்பி அதே ஊருக்குப் பஸ் ஓட்டப் போனான். நாலாவது வருஷம் எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினான். நான், மனைவி, எட்டு வயது மகள். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். காரணம் கேட்காதீர்கள், பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊர் காலண்டரைவிட அழகாக இருந்தது. மற்றவர்கள் கோபுரத்தையும் பாலத்தையும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கதவு கதவாக நின்றேன். இழைப்பு, கீல், கைப்பிடி… ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பச்சைக் கதவை விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டபோது மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மானத்த வாங்காதீங்க. உள்ள இருந்து யாராவது வந்துடப் போறாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தத் தெருவில் நின்று அழுதேன்.

மச்சான் எங்களுக்காக ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில், ஆறு நாளைக்கு வீடு பிடித்திருந்தான். எங்களை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்தான் சாவி கொடுத்தாள். அறுபது வயசு இருக்கும். படுக்கையறைக் கதவைக் காட்டினாள், குளியலறைக் கதவைக் காட்டினாள், அவள் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னாள். கூடாது, கூடாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எங்களுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பூம்பூம் மாடு மாதிரி மூன்று பேரும் தலையாட்டி வைத்தோம்.

அவள் போன பிறகுதான் கவனித்தேன். வாசல் கதவைத் தவிர அந்த வீட்டில் எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. இருந்திருக்கிறது. ஸ்க்ரூ ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"தாழ்ப்பாள் இல்லாம நான் எப்படிங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி.

எனக்கு அது போதும். தெருமுனையில் ஒரு இரும்புக்கடை. கனவு கண்ட ஊரில் நான் வாங்கிய முதல் பொருள் இரண்டு தாழ்ப்பாள். ஸ்க்ரூடிரைவர் பெட்டியிலேயே இருந்தது. அதில்லாமல் நான் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

2:10. குளியலறையில் ஒன்றை மாட்டினேன்.

"அவ்வளவு போதும். வந்த இடத்துலயும் வேலையா?"

"தாழ்ப்பாள் இல்லாத கதவெல்லாம் ஒரு கதவாடி?"

யாரும் கேட்காத வேலை. கைநமைச்சல். இரண்டாவதைப் படுக்கையறையில் மாட்ட உட்கார்ந்தேன்.

கிட்டத்தில் பார்த்தபோது அந்தக் கதவு எனக்குப் பிடிக்கவில்லை. நடுப்பலகை பிளந்து, பிறகு பசை போட்டு ஒட்டியது. வேலை சுமார்தான். உள்பக்கம், பெரியவர்கள் தலை உயரத்தில், பெயின்டுக்கு அடியில் குழி குழியாக இருந்தது. ஒன்றல்ல. பத்துப் பன்னிரண்டு. ஒரே இடத்தில். கதவை வெளியிலிருந்துதான் இடிப்பார்கள். இது உள்ளேயிருந்து இடிபட்ட கதவு. ஒட்டிய வெடிப்பில் என்னவோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தேன்… வந்துகொண்டே இருந்தது. ஒரு முழ நீளம். முடி.

சே என்று உதறிவிட்டு வேலையை முடித்தேன். நாலு ஸ்க்ரூ, இரண்டு அங்குலம். ஒரு ஆள் தொங்கினாலும் வராது.

3:05. வாலு அந்த அறைக் கட்டிலில் படுத்ததும் தூங்கிவிட்டாள். பிரயாணக் களைப்பு. மனைவி குளிக்கப் போனாள். நான் ஹால் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

3:25. ட்ரக்.

என் காதுக்குத் தெரியாதா? புதுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

குளித்துவிட்டு உடை மாற்ற மனைவிதான் அந்த அறைக்குள் போயிருக்கிறாள் என்று நினைத்து, "வாலுவ எழுப்பிடாதடி" என்று குரல் கொடுத்தேன். குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையோடு மனைவி நின்றாள்.

"யாரச் சொல்றீங்க? நான் இங்க இருக்கேன்."

உள்ளே மகள் மட்டும்தான்.

"வாலு… கதவத் திற."

காதைக் கதவில் வைத்தேன்.

மூச்சுச் சத்தம். கனத்த மூச்சு. ஆம்பளை மூச்சு.

தம்.

கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து. தலை உயரத்தில்.

தம். தம்.

ஒவ்வொரு இடிக்கும் நடுவில் ஒரு முனகல். அப்புறம் ஈரமான ஒரு சத்தம்… அதை எழுத எனக்கு வரவில்லை.

"ஐயோ என் புள்ள!" மனைவி கதவில் போய் விழுந்தாள். உள்ளேயிருந்து விழுந்த அடுத்த இடி அவளைப் பின்னால் தள்ளியது. நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது.

"கீழ ஓடு! அந்த அம்மாவக் கூப்பிடு!"

அவள் ஓடினாள். நான் தோளால் மோதினேன். ஒருமுறை. இருமுறை. மூன்றுமுறை. கதவு அசையவில்லை. இருபத்தைந்து வருஷமாக என் வேலை கெட்டி என்று பீற்றிக்கொண்டவன் நான். அன்றைக்கு அந்த வாயை நானே கிழித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஹாலில் ஒரு இரும்பு ஸ்டூல். தூக்கினேன். ஒட்டுப்போட்ட பலகையில் ஓங்கி அடித்தேன். அடித்தேன். அடித்தேன். பிளந்தது. ஒரு சாண் ஓட்டை.

கண்ணை வைத்தேன்.

கட்டில் காலி.

தரையில் வெயில். வேறு யாருமில்லை.

அப்புறம் ஓட்டை இருட்டியது.

என்னவோ முன்னால் வந்து நின்றது. ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது. அது ஏறி… இறங்கி… ஏறி… இறங்கி…

கையை விட்டேன். தாழ்ப்பாளைத் துழாவினேன்.

பிடித்தது.

பெரிய கை. சூடான கை. என் கடைசி இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் வளைத்தது.

கடக்.

அலறினேன். கையை வெளியே இழுத்தேன்… வரவில்லை. வேறு என்னவோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சில்லென்று. சின்னதாக.

இழுத்தேன். பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். அது விடவில்லை.

கடக்.

இரண்டாவது விரல்.

சில்லென்ற பிடி என் கையைக் கீழே இழுத்தது. இன்னும் கீழே. உள்ளங்கையில் இரும்பு பட்டது. தாழ்ப்பாள்.

தள்ளினேன்.

ட்ரக்.

கதவு திறந்தது. 3:29.

உள்ளே யாருமில்லை. ஜன்னல் சாத்தியபடி இருந்தது. கதவின் உள்பக்கம் புதுப் பெயின்ட் உதிர்ந்து பழைய குழிகள் அத்தனையும் வாயைத் திறந்திருந்தன. வாலு கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண் மட்டும் விரியத் திறந்திருந்தது. வாரி எடுத்தேன். வாய் திறக்கவில்லை அவள்.

மூன்றாவது மாடிப் படியில் அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மனைவிக்கு நெற்றியில் ஏழு தையல். எனக்கு இரண்டு எலும்பு முறிவு. மணிக்கட்டில் நாலு சின்ன நீலத் தடம் இருந்தது. டாக்டர் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சேரவில்லை. குழந்தை கை மாதிரி இருக்கிறதே, மகள் பயத்தில் பிடித்தாளா என்று மச்சான் வழியாகக் கேட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைத் தமிழில் சொன்னான்.

"மாமா… பதினாலு வருஷத்துக்கு முன்னாடியாம். அந்த ரூம்ல ஒருத்தன் தாழ்ப்பாளப் போட்டுட்டு, பொண்டாட்டி தலையக் கதவுலயே இடிச்சுக் கொன்னுருக்கான். அவனுக்குப் பத்து வயசுல ஒரு பொண்ணு. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. இவங்கதான் கதவ உடைச்சு ஓட்டை வழியா கைய விட்டிருக்காங்க. கையப் பார்த்ததும் அந்தப் பொண்ணு, காப்பாத்த ஆள் வந்துட்டாங்கன்னு கதவுகிட்ட ஓடி வந்திருக்கு."

அந்த அம்மாள் தன் வலது கையை என் போர்வைமேல் வைத்தாள். கடைசி இரண்டு விரல் கோணிக்கிடந்தது.

"வலி தாங்காம இவங்க கைய வெளிய எடுத்துட்டாங்களாம் மாமா. அந்தப் பொண்ணு கதவுகிட்ட நின்னுட்டிருந்திருக்கு. அப்புறம்… அதையும் கொன்னுட்டான்."

அந்த அம்மாள் என் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள்.

"என்னடா சொல்றாங்க?"

"நீங்க கைய எடுக்கலையேன்னு சொல்றாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பலம்கொண்ட மட்டும் இழுத்தவன் நான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

ஊர் திரும்பினோம். காலண்டரைக் கிழித்துப்போட்டேன். வாலு அதற்குப் பிறகு பேசவே இல்லை. டாக்டர், மருந்து, எதுவும் பலிக்கவில்லை. இருபத்திரண்டாவது நாள், மதியம், நான் இடது கையால் சாப்பிடத் தடுமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"அந்த ரூம்ல ஒரு அக்கா இருந்தாப்பா. அவதான் என்னைக் கட்டிலுக்கு அடியில இழுத்தா. சத்தம் போடாதேன்னு என் வாயப் பொத்திட்டா."

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் சொன்னது எதுவும் வாலுவுக்குத் தெரியாது. நாங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் உன் கை ஓட்டை வழியா வந்துச்சு. நான் உங்கிட்ட வரப் பார்த்தேன். அவ விடல. நீ இங்கயே இருன்னு சொல்லிட்டு அவ எழுந்துட்டா."

"எங்கடா கண்ணு போனா?"

"உன் கைகிட்ட. 'இந்தத் தடவ அந்தக் கைய நான் விடமாட்டேன்'னு சொல்லிட்டு ஓடினா."