தார்ச்சாலைக்கு அடியில் மூன்று படிகள்

அயனம்பாக்கத்தில் ஏரிக்குக் கிழக்கே மேட்டுத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரில்தான் மேடு. மழை பெய்தால் வட்டாரத்திலேயே முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். நான் அந்தத் தெருவின் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தை விட்டால் மீதிப் பதினான்கும் பழைய வீடுகள். தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டு இடித்த தளம், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். ஒருவர் வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக் காலண்டர் ஆடும்.

அந்த வீடுகளில் ஆறாவது வீட்டுக்காரர் சுலோசனா. வயது ஐம்பத்தெட்டு. அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். பிறந்தது மண்ணூர்பேட்டை. அப்பா சுப்பராயன் பயிர் வைத்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. பிறகு அதே நிலத்தில் எழுந்த கம்பெனியில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. "எங்கப்பா அவரு வயலுக்கே யூனிஃபார்ம் போட்டுகினு போயி சல்யூட் அடிச்சாரு" என்பார் சுலோசனா. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஐ.டி.ஐ.யில் வரைபடக் கலை படித்தபோது வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அதன்பின் முப்பத்திரண்டு வருஷம் பிளான்தான். இடிக்கப்போகும் பழைய கட்டடத்தைப் பிளானில் புள்ளிக்கோட்டில் காட்ட வேண்டும் என்பது விதி. அம்பத்தூரிலும் திருமுல்லைவாயலிலும் ஆவடியிலும் அவர் புள்ளிக்கோடு ஆக்கிய வீடுகள் ஏராளம். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ஒழுகுகிற வீட்டை இடிக்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிற ஆள் அவர்.

2021 மழையில் தண்ணீர் தெருவுக்குள் மட்டுமல்ல, வீடுகளுக்குள்ளும் வந்தது. அடுத்த வீட்டுக் குப்பம்மாவின் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. குப்பம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார வைத்தோம். இரண்டு நாள் அங்கேயே இருந்தார். மழை விட்டதும் அவர் மகன் தினகரன் ஒரு பில்டரைப் பிடித்துவிட்டான். வீட்டை இடித்து நான்கு மாடி, இவர்களுக்கு இரண்டு ஃபிளாட். நேரே சுலோசனாவிடம் வந்தான்.

"சித்தி, நீயே பிளான் போட்டுக் குடு. வெளியாளாண்ட போனா லேட்டாகும்."

"போட்டுட்டா போச்சு. நாளிக்கி காலைல டேப்போட வரேன்."

மறுநாள் குப்பம்மா வீட்டை அளக்கப் போனவர் வாசலில் நின்றுவிட்டார். தினகரன் கொடுத்த பழைய பத்திரத்தில் வீட்டின் வர்ணனை இருந்தது: தெருவிலிருந்து ஐந்து படி ஏறி வாசல். இப்போதோ தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

"இன்னாடா இது? படியெல்லாம் எங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பொறந்ததுலேர்ந்து ரெண்டோ மூணோதான் கீது. அப்பறம் அதுவும் காணோம்."

வீடு நகரவில்லை. அப்படியென்றால் தெருதான் உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் உயர மட்டங்களை வரைந்தே பிழைத்த தனக்கு இது உறைக்கவில்லையே என்று சுலோசனாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை என்னிடம் சொன்னபோதுகூட நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் கன்னியப்பனை அழைத்துவந்து, தன் வீட்டு எல்லைக்குள்ளேயே, வாசலை ஒட்டி ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தோண்டச் சொன்னார். தார், ஜல்லி, மறுபடி தார், செம்மண், உடைந்த சிமெண்டு, மறுபடி ஜல்லி என்று வந்துகொண்டே இருந்தது. பத்து மணிக்குக் கடப்பாரை 'ணங்' என்றது. கருங்கல் படி. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. ஓரங்கள்கூடத் தேயவில்லை. ஐந்தில் மூன்று தெரிந்ததும் போதும் என்று தோண்டுவதை நிறுத்தச் சொன்னார்.

தெரு முழுவதும் கூடிவிட்டது. குப்பம்மாவும் மெதுவாக வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட பாவி! எங்கூட்லயும் இதே கல்லுதான். அதுல வழுக்கி வுழுந்துதான் என் பல்லு போச்சு. அப்ப இது அங்கயேதான் கீதா?"

"அங்கதான் கீது, அக்கா. உன் பல்லும் இருக்கும், தோண்டிப் பாக்கலாம்" என்றார் சுலோசனா.

அன்று மதியமே தினகரனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ ஊட்ட இடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு மழைக்கு டைம் குடு. தப்பு ஊட்ல இல்லடா, ரோட்ல கீது. நீ இடிச்சா பொதுச் சொவரு போவும். என் ஊடு விரியும், அந்தாண்ட பரமசிவம் ஊடு விரியும். வரிசையா எல்லாம் சாயும்."

தினகரன் முணுமுணுத்தான். ஆனாலும் சரி என்றான்.

அதன்பின் ஒரு மாதம் சுலோசனா வேலை முடிந்து வந்ததும் தெருவை அளந்தார். கணவர் பரந்தாமன் லேத்துப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையை இவர் பிடிப்பார். பதினான்கு வாசல்களின் உயரமும், தெருவின் இரு கோடிகளும், மழைநீர் வடிகாலின் வாயும் ஒரே வரைபடத்தில் வந்தன. தாளை ஒட்டி ஒட்டி நீட்டியதில் அது எங்கள் கட்டடத்து நடையில் விரித்தால்தான் முழுதாகத் தெரிகிற நீளத்துக்குப் போய்விட்டது. நடுவே சிவப்பில் ஒரு கோடு: பத்திரம் எழுதிய காலத்துத் தெரு. அதற்கு இரண்டரை அடி மேலே கறுப்பில் ஒரு கோடு: இன்றைய தெரு.

வார்டு அலுவலகத்தில் அதைப் பார்த்த இளம் என்ஜினியர் ஸ்ரீநாத் இரண்டு கோடுகளுக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேடம், சுரண்டிப் போடணும்கறதுதான் ரூல். ஆனா சுரண்டற மெஷின் உங்க தெருவுக்குள்ள நுழையாது. ரெண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு சாய்தளம் கட்டியிருக்காங்க. அத எடுத்தா சொல்லுங்க, நான் எழுதறேன்."

சாய்தளம் என்றால் வண்டியை ஏற்றி இறக்க வாசலில் போட்டிருக்கும் சிமெண்டுச் சரிவு. தெருவில் பன்னிரண்டு இருந்தன. அவற்றில் ஆகப் பெரியது சுலோசனா வீட்டு வாசலில், பரந்தாமன் ஓய்வு பெற்ற மாதத்தில் தன் கையாலேயே கட்டியது. வண்டிச் சக்கரம் வழுக்காமலிருக்க ஈரச் சிமெண்டில் கயிற்றை அழுத்தி வரி போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சுலோசனா விஷயத்தைச் சொன்னார். பரந்தாமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் எடுக்கட்டும். கடேசில நான் எடுக்கறேன்."

"நம்ம வாசல்ல வெச்சிகினு நான் எப்பிடியா அடுத்தவங்களப் போயி கேக்கறது?"

மறுநாள் காலை ஆறரைக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்டு நான் பால்கனிக்கு வந்தேன். பரந்தாமன் தானே உடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் உதவிக்கு அண்டவிடவில்லை. சுலோசனா வாசலில் காபியோடு நின்றார். காபி ஆறி ஆடை கட்டும்வரை பரந்தாமன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அதையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பதினொன்று போயின. பாக்கி இருந்தது எங்களுடையது மட்டும். எங்கள் சங்கச் செயலாளர் ராகேஷ் நல்ல மனிதர்தான், ஆனால் கார்கள் எப்படி உள்ளே ஏறும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்களும் தலையாட்டினோம். எங்கள் கட்டடத்துக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுலோசனா எங்கள் கூட்டத்துக்கே வந்தார். அந்த நீண்ட தாளைக் கொண்டுவரவில்லை. வேறொரு பழைய நீலப் பிரதியைக் கொண்டுவந்திருந்தார்.

"இது உங்க பில்டிங் பிளான். 2009ல நான்தான் போட்டேன். அப்ப ஓனர் சொன்னாரு, தரைய மூணு அடி தூக்கி வை, நம்ம தண்ணி வெளிய போயிடும்னு. தூக்கி வெச்சேன். வெளியன்னா எங்கன்னு அவரும் யோசிக்கல, நானும் யோசிக்கல. வெளியன்னா குப்பம்மா ஊடு. என் ஊடு." பிளானை விரித்தார். "உங்கமேல தப்பு இல்ல. தப்பு எம்மேல. அதான் திருத்திக் கொண்டாந்துகீறேன்."

பிளானின்மேல் பென்சிலால் வரைந்திருந்தார். சாய்தளம் தெருவுக்கு நீளாமல் எங்கள் காம்பவுண்டுக்கு உள்ளேயே தொடங்கி ஏறியது. அதன் ஓரமாக ஒரு சிறு கால்வாய், எங்கள் மொட்டைமாடித் தண்ணீரை நேரே வடிகாலுக்குக் கொண்டுபோனது. ஒரு கார் நிறுத்துமிடம் மட்டும் குறையும்.

முதல் மாடி கிருஷ்ணப்பிரியா, பள்ளி ஆசிரியை, "எங்ககிட்ட காரே இல்ல. எங்க இடத்த எடுத்துக்கோங்க" என்றார். ராகேஷ் பிளானைத் தன் பக்கம் இழுத்துக் கால்வாயின் அகலத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் எனக்கு மூச்சு வந்தது.

2023 செப்டம்பரில் மெஷின் வந்தது. ஸ்ரீநாத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிமிர்ந்த யானை மாதிரி அது தெருவுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் கையளவு இடம் விட்டு, கறுப்புத் தூளைக் கக்கிக்கொண்டே போனது. இரண்டரை அடியும் எடுக்க முடியவில்லை. குடிநீர்க் குழாய் குறுக்கே இருந்ததால் பதினாறு அங்குலத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. புதைந்து கிடந்ததில் மேல் இரண்டு படிகள் வெளியே வந்தன. மீதி மூன்றும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

அந்த டிசம்பர்ப் புயல்மழையில் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் ஏறியது. முதல் படியை மூடியது. இரண்டாவது படியின் விளிம்பைத் தொட்டது. சுலோசனா வாசலில் அளவுகோலோடு உட்கார்ந்து அரைமணிக்கு ஒருமுறை சத்தம் போட்டுச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது அளவு ஏறவில்லை. நான்காவது முறை குப்பம்மா வீட்டிலிருந்து, "எறங்குதுடி!" என்று கத்தல் கேட்டது. எங்கள் மாடிகளிலிருந்து எல்லோரும் கைதட்டினோம். பரந்தாமன் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிழக்குக் கோடியில் இரண்டு வீடுகள் போன வருஷம் இடிபட்டன. அண்ணன் தம்பி பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் இடிக்கும் முன் சுலோசனா போய், பொதுச் சுவரை எப்படி முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு இடிக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்து, வேலை முடியும்வரை தினமும் காலையில் நின்று பார்த்துவிட்டு ஆபீஸ் போனார். பக்கத்து வீட்டில் ஒரு கீறல் விழவில்லை. இப்போது பூந்தமல்லியிலிருந்தும் ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். புள்ளிக்கோடு போடுவதையும் அவர் நிறுத்திவிடவில்லை. ஆனால் பிளான் கேட்டு வருகிறவர்களிடம் முதலில், "ஊட்ல எத்தினி படி இருந்துச்சு?" என்று கேட்கிறார்.

தினகரன் பில்டரைத் திருப்பி அனுப்பிவிட்டான். போன வாரம் அவர்கள் வீட்டில் பெரிய சண்டை. குப்பம்மாவின் முழங்காலுக்காக, பின்கட்டில் பழைய சுவரைத் தொடாமல் உட்காரும் கழிப்பறை ஒன்று வருகிறது. சுலோசனாதான் பிளான் போட்டார். பின்கட்டின் பழைய கூரையில் இருப்பதைப் போலவே வளைந்த ஓடுகளைக்கூடத் தேடிப் பிடித்திருக்கிறார். சண்டை அதைப் பற்றியல்ல.

"ரோஸ் கலர் டைல்ஸ்தான் வேணும்" என்கிறார் குப்பம்மா.

"இந்த ஊட்டுக்கு ரோஸ் நல்லாருக்காது அக்கா. சாம்பல் போடலாம்."

"ஊடு உன்துதா என்துதா? குந்தப்போறது யாரு?"

ரோஸ் டைல்ஸ் நேற்று வந்து இறங்கியது. சுலோசனாவே ஆட்டோவிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணி இறக்கிவைத்தார்.