சுரண்டிப் பார்த்த மரம்

மவுத் ஆர்கன், சதுரங்கம், மேகங்களின் பெயர்கள் என்று கைபேசி வழியாக நான் கற்கத் தொடங்கிப் பாதி வழியில் இறங்கிவிட்ட பஸ்கள் பல. போன்சாயில் மட்டும் கடைசித் தரிப்பு வரை போவது என்று ஏறினேன். தட்டுக்குள் ஒரு காடு! ஆலமரத்தைக் கூப்பிட்டுச் சோற்றுக் கோப்பையில் உட்காரவைக்கிற அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

இணையத்தில் அதற்கு ஒரு தமிழ்க் குழு. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் நடத்துகிறார். கோயம்புத்தூர், டொரொன்டோ, கம்பளை என்று எங்கெங்கோ ஆட்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் மரத்தை ஒருவர் நன்றாகவே அறிவோம்.

பன்வில தோட்டத்தில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கியபோது, மனைவியின் தம்பி ஒரு கட்டையை உரச்சாக்கில் கட்டி, பஸ்ஸில் மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். என்னைவிட மூத்த மரம். வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளி, கவ்வாத்து வெட்டி, இடுப்புக்கு மேல் வளரவிடாமல் வைத்த மரம். ‘எங்கள் மலைகள் முழுவதுமே போன்சாய்’ என்று எழுதிப் படத்தோடு குழுவில் போட்டேன். பாராட்டு கொட்டியது.

“இதுக்கு எதுக்குங்க கைதட்டு? மொதல்ல அது தழைக்கட்டும்” என்றாள் மனைவி.

அதுதான் விஷயம். அது தழைக்க வேண்டும். ஒரு பஸ்ஸிலாவது நான் கடைசி வரை போக வேண்டும்.

சட்டியில் நட்டு வாரங்கள் போயின, துளிர் இல்லை. டீச்சர் குரல்செய்தி அனுப்பினார்: “அண்ணை, நகத்தால தோலை மெல்லச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்குப் பச்சையெண்டால் உயிர் இருக்கு.”

சுரண்டினேன். பச்சை! ஈரமான, கூச்சப்படுகிற பச்சை. அன்றெல்லாம் மிதந்தேன். மறுநாள் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை. சுரண்டினேன். அப்புறம் மழைக்கு முன் ஒன்று, மழை விட்டதும் ஒன்று. வந்துபோன மச்சானும், “எங்க, பாப்போம்” என்று தன் பங்குக்கு ஒரு கீறல்.

“அது மரமா, சுரண்டுற லொத்தர் சீட்டா?” என்றாள் மனைவி. “ஒங்க நகந்தான் அதக் கொல்லப்போகுது.”

ஒரு நாள், தொட்ட இடமெல்லாம் பழுப்பு. டீச்சருக்கு எழுதினேன். “வேற இடத்தில சுரண்டிப் பாருங்கோ” என்றார். வேறு இடம் இல்லை. படம் அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: “அண்ணை, அது செத்துப்போச்சு.”

அப்போதுதான் அந்தக் குழுவின் வழக்கம் தெரிந்தது. புதியவரின் மரம் செத்தால், எல்லோரும் தாங்கள் கொன்ற முதல் மரத்தின் படத்தைப் போடுவார்களாம். டொரொன்டோவிலிருந்து பனியில் விறைத்த அத்தி. கோயம்புத்தூரிலிருந்து வெயிலில் கருகிய புளி. கம்பளைக்காரர், “ஏன்ட மரத்த ஆடு தின்டுட்டு” என்று எழுதி, ஆட்டின் படத்தைப் போட்டிருந்தார். ஆடு திருப்தியாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றுதான் நான் அந்தக் குழுவுக்கு வீட்டு ஆள் ஆனேன்.

கட்டையைச் சட்டியோடு பின்வாசல் குழாயடியில் ஒதுக்கினேன். மனைவி அதன்மேல் நிலம் துடைக்கிற துணியைப் போடத் தொடங்கினாள். உயரம் அளவாக இருந்ததாம். துக்கத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மழை விட்ட ஒரு காலை அவள் கூப்பிட்டாள். “என்னங்க, இங்க வாங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க.”

ஈரத் துணியைத் தூக்கினாள். அடிக்கட்டையில், மண்ணோரத்து மடிப்பில், என் நகம் எட்டாத ஒரே இடத்தில், கடுகளவு துளிர். மழையெல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி வைத்தது போல.

“எழவுக்கு வந்தவங்க எல்லாம் அழுதுட்டுப் போயிட்டாங்க. இனி என்னன்னு எழுதுவீங்க?”

வெட்கத்தை விட்டு உண்மையையே எழுதினேன். என்ன வைத்தியம் என்று குழு மொய்த்தது. நிலம் துடைக்கிற துணி என்றேன். கோயம்புத்தூர்க்காரர், பருத்தியா என்று கேட்டார். டீச்சரின் குரலில் சிரிப்பு: “துணி நல்ல வேலை செய்திருக்கு, அண்ணை. மரத்தை உங்கட நகத்திட்ட இருந்து மறைச்சிருக்கு.”

துணி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. தூக்கிப் பார்க்கும் உரிமை மனைவிக்கு மட்டும். நேற்று, இன்னொரு இலை வந்திருப்பதாகச் சொன்னாள். சொன்னதை நம்பி, தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.