மீன் ஐஸில் பாடிய டிபன் டப்பா

அந்த வருஷம் ராயபுரத்தில் ஐரீனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘ஊமைப் பொட்டி’ என்றால்தான் தெருவுக்குத் தெரியும். முந்தின வருஷம், 1971-இல், ராயப்பர் திருவிழாவையொட்டி நடந்த இசைப் போட்டியில், கிதாரின் குரலை மாற்ற அவள் செய்த பெட்டி நடுப்பாட்டில் வாயை மூடிக்கொண்டதால் வந்த பெயர் அது. அவளுடைய தம்பி பாஸ்கல் கிதாரை மீட்டிக்கொண்டே இருந்தான். ஒலிபெருக்கியிலிருந்து கொசு முனகுவதுபோல் ஏதோ வந்தது, பிறகு அதுவும் நின்றது. கூட்டத்தில் முதலில் விசிலடித்தவன் வண்ணாரப்பேட்டைக் குழுவின் கிதார்காரன் கஸ்பார். பெயரை வைத்தவனும் அவன்தான்.

ஐரீன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவரின் மகள். பள்ளியை முடித்ததும் தண்டபாணியின் ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்குப் போனாள். ஐஸ் பேக்டரித் தொழிலாளி லூர்துவைக் கட்டிக்கொண்ட பிறகும் அந்த வேலையை விடவில்லை. பாஸ்கலுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. ஒரு நாள் கப்பலில் வந்த மாலுமி ஒருவன், காலால் மிதிக்கிற பெட்டி ஒன்றை அவனுக்கு வாசித்துப் பார்க்கக் கொடுத்தான். மிதித்தால் கிதாரின் குரலே மாறிவிடுமாம்.

“எப்பிடிடா இருந்துச்சு?” என்று கேட்டாள் ஐரீன்.

“தகர டின்னுல வண்டுக் கூட்டம் மாட்டிக்கினா மாதிரிக்கா. ஆனா அந்த வண்டு பாடுது.”

அவளுக்கு அது போதுமாக இருந்தது. செத்துப்போன பாக்கெட் ரேடியோக்களிலிருந்து பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பொருத்தி, சேர்ந்து பாடுகிற ஜோடியைக் கண்டுபிடித்தாள். புதிதாக வந்த சிலிக்கான் டிரான்சிஸ்டரையும் போட்டுப் பார்த்தாள். “இது காதைக் கீறுதுக்கா. பழசு நெஞ்ச அறுக்குது. எனக்கு அதுதான் வோணும்” என்றான் பாஸ்கல். எல்லாவற்றையும் அடக்க ஓர் அலுமினிய டிபன் டப்பா கிடைத்தது. மூடியில் மேசை விளக்கின் சுவிட்சைப் பதித்தாள். லூர்துவின் இரண்டு டப்பாக்களில் ஒன்று அப்படிப் போனது.

அந்த டப்பாதான் மேடையில் ஊமையானது. இத்தனைக்கும் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் கணீரென்று பாடும். ஐரீன் எல்லாப் பற்றவைப்பையும் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி செய்தாள். பேட்டரியை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். உச்சிவெயிலில் வாசித்தால் மட்டும் மறுபடி ஊமை.

அடுத்த திருவிழா நெருங்கியது. “அக்கா, உம்மேல கோவமில்ல. ஆனா இந்தத் தபா வெறும் கிதாரோட போறேன். இன்னொரு தபா அந்த விசில என்னால கேக்க முடியாது” என்றான் பாஸ்கல்.

“பந்தலுக்குக் கால் நடட்டும். அதுவரைக்கும் டைம் குடு” என்றாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, லூர்து அவசரமாக வேலைக்குக் கிளம்பினான். அடுப்புப் பக்கத்தில் இரண்டு டப்பாக்களும் துணி சுற்றி இருந்தன. கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனான். வெயில் காலத்தில் ஐஸ் பேக்டரி ஆட்கள் சாப்பாட்டை ஐஸ் பாளத்தின் மேல்தான் வைப்பார்கள். தயிர்சோறு புளிக்காமல் இருக்கும். லூர்துவும் வைத்தான். மத்தியானம் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் இருந்த வீட்டுக்கு வந்தான்.

“இன்னாமே, இன்னிக்கு ஒயர் பொரியலா?”

கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஐரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவைப் பிடுங்கி, ஈரத்தை முந்தானையால் துடைத்து, பாஸ்கல் விட்டுப்போயிருந்த கிதாரையும், ஒலிபெருக்கியாக வைத்திருந்த வால்வு ரேடியோவையும் அதில் மாட்டினாள். கெட்டுப்போயிருந்தால் லூர்துவுக்கு அன்று சோறு கிடையாது. சுவிட்சைத் தட்டி ஒரு கம்பியை மீட்டினாள்.

டப்பா பாடியது. ஓடு காய்கிற அந்த நண்பகலில், தடித்து, முழங்கி, நிற்காமல் பாடியது. அடுத்த வீட்டுக் கெங்கம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “இன்னாடி, மில்லு சங்க வூட்டுக்குள்ள கட்டி வச்சிகிறியா?”

ஐரீன் ஒரு கையால் கம்பியை மீட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய மறு உள்ளங்கை டப்பாவின் மேல் இருந்தது. ஜில்லென்று இருந்தது. குளிர் குறையக் குறையக் குரலும் மெலிந்தது, கரகரத்தது, நின்றது. வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஜெர்மேனியத்துக்கு வெயில் ஆகவில்லை, அவ்வளவுதான். சூடேறினால் உள்ளே மின்சாரம் கசிந்து குரல் அமுங்கிவிடுகிறது.

“யோவ், ஓடிப்போய் ஐஸ் எத்துக்கினு வா.”

“நான் இன்னும் துன்னவே இல்லமே.”

“வந்து துன்னு.”

போட்டி நாளன்று தகரப் பந்தலுக்குக் கீழே அனல் வீசியது. பாஸ்கல் கிதாருடன் மேடை ஏறினான். அவன் பின்னால் ஐரீனும் லூர்துவும் ஒரு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உள்ளே மரத்தூளில் புதைத்த ஐஸ், அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல், தண்ணீர் புகாமல் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுகச் சுற்றிய டிபன் டப்பா. சுவிட்சை மட்டும் நீள ஒயரில் வெளியே இழுத்து, ஒரு பலகையில் பாஸ்கலின் காலடியில் வைத்திருந்தாள்.

“ஊமைப் பொட்டி மீன் விக்க வந்துகீதுடா. வஞ்சிரமா, நெத்திலியா?” என்றான் கீழே கஸ்பார். பந்தலே சிரித்தது.

பாஸ்கல் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் மீன் பெட்டியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதற்குள் கையை விட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவன் பலகையை மிதித்தான்.

தகரக் கூரை அதிர்ந்தது. கப்பல் சங்கும் கோயில் மணியும் ஒரே தொண்டையில் இறங்கியதுபோல் ஒரு சத்தம். சோடாக் கடைக்காரர் பாட்டிலைத் திறக்க மறந்து நின்றார். போன வருஷம் செத்த அதே இடத்துக்குப் பாட்டு வந்தபோது ஐரீன் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு அந்த இடத்தைத் தாண்டியது. தாண்டி, இன்னும் மேலே ஏறியது. பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவள் புடவை நனைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பாட்டு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. கஸ்பார்தான். இந்த முறை விசில் வேறு மாதிரி இருந்தது.

முதல் பரிசுக் கோப்பையை வாங்கிய பாஸ்கல் அதைக் கொண்டுவந்து மீன் பெட்டிக்குள் ஐஸின் மேல் வைத்தான். “இது உன் வூட்டுலயே இருக்கட்டும்கா” என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஐரீன் வீடு திரும்பியபோது வாசலில் கஸ்பார் நின்றுகொண்டிருந்தான். தலை குனிந்திருந்தது. கையில் ஒரு காலி டிபன் டப்பா.

“எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுக்கா” என்றான்.

ஐரீன் அந்த டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என் பேரு இன்னா?”

“ஐரீன்கா.”

“உள்ள வா. ஐஸுக்கு மட்டும் அவரக் கேட்டுக்கோ.”