"கல் மாரேகா" கேஸும் என் வக்கீலம்மாவும்

நான் கோர்ட்டுக்குப் போனவ. வேடிக்கை பாக்க இல்ல, குற்றவாளியா. அப்படிச் சொல்லக்கூடாதாம், "குற்றம் சாட்டப்பட்டவர்"னு சொல்லணுமாம், வக்கீலம்மா திருத்தினா. அம்புட்டு நீளத்துக்கு எனக்கு மூச்சு வராது, கேஸ்காரின்னே வச்சுக்கோங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைப் பாத்துப் பேசினா அதுவே எழுதிக்குதாம், மருமகன் காமிச்சுக் குடுத்தாரு. நடுவுல "சீ, இறங்கு"ன்னு வந்தா அது பூனையை, உங்களை இல்ல.

அந்தமான்ல, வண்டூர் பீச்சுல எனக்கு ஒரு வடைக்கடை. வீடு டாலிகஞ்ச்ல. காலைல பஸ்ல போவேன், சாயங்காலம் கடைசி பஸ்ல திரும்புவேன். பக்கத்துக் கடை ஒரு பெங்காலிக்காரி, காரப்பொரி விக்கிறவ. அவளை நான் தீதிம்பேன், தீதின்னா அவங்க பாஷையில அக்கா. அவளும் என்னை தீதிம்பா. ரெண்டு பேருக்கும் சொந்த வயசு தெரியாது, அதனால யாரு அக்கான்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகல. நாங்க பேசுறது ஹிந்தி. அவ ஹிந்தியும் அரைகுறை, என் ஹிந்தியும் அரைகுறை, சேத்தா ஒரு முழு ஹிந்தி ஆயிரும்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நல்ல கூட்டம். திடீர்னு மழை. அவ கடைத் தார்ப்பாய் என் பக்கமா சரிஞ்சு, தேங்கியிருந்த தண்ணி மொத்தமும் என் எண்ணெய்ச்சட்டிக்குள்ள! தீபாவளி மாதிரி வெடிச்சுச்சு. டெல்லியோ என்னமோ, ஒரு வெள்ளைச் சட்டைக்காரரு வடைக்கு நின்னவரு கடலுக்குள்ளயே ஓடிட்டாரு. பாவம், ஷூவோட. நான் கத்தினேன், அவளும் கத்தினா. சண்டை நல்லா சூடு பிடிக்கிற நேரம் பாத்து கடைசி பஸ் வந்துருச்சு. பஸ்ஸை விட்டா நடக்கணும். ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியா தலைய நீட்டி அவளைப் பாத்து கடைசியா என்னமோ கத்திட்டு வந்தேன்.

மறுநா திங்க. திங்கக்கிழமைல பீச்சை ஒட்டின கடல் பார்க்குக்கு லீவு, கூட்டம் வராது, அதனால கடையும் கிடையாது. செவ்வாக்கிழமை வீட்டு வாசல்ல போலீஸ்.

"அம்மா, பக்கத்துக் கடைக்காரியக் கல்லால அடிப்பேன்னு மிரட்டினீங்களாமே?"

"நானா? கல்லாலயா?"

"அவங்க கண்ணாடிப் பெட்டி உடைஞ்சு கெடக்கு. நீங்க சொன்னதுக்கு சாட்சி இருக்கு."

கம்ப்ளெயின்ட் குடுத்தது தீதி. சாட்சி யாருன்னா எங்க கடைக்கு எதுத்தாப்புல தொப்பி விக்கிற அண்ணாச்சி. தூத்துக்குடியில இருந்து கப்பல் ஏறி வந்து மூணு மாசம்கூட ஆகல. நல்ல மனுஷன், என்கிட்டதான் வடை வாங்கித் தின்பாரு. "திங்கக்கிழமை நான் வீட்டை விட்டு நகரலயே ஐயா"ன்னேன். ஆள் வச்சு அடிச்சேனாம். ஆளு! எனக்குச் சட்டி கழுவ ஒரு ஆள் கெடையாது!

ஜாமீன்லாம் மருமகன் கையெழுத்துப் போட்டு சுளுவா முடிஞ்சிருச்சு. ஆனா என் கவலை வேற. கடைப் பர்மிட்டுப் புதுப்பிக்கிற நேரம் அது. கேஸ்ல தண்டனை ஆனவங்களுக்குப் பர்மிட்டு கிடையாதுன்னு ஆபீஸ்ல கறாரா சொல்லிட்டாங்க. கடை போச்சுன்னா நான் நாள் பூரா வீட்டுல உக்காந்து மருமகன் குறட்டையக் கேக்கணும். அவரு பகல்லயும் விடுவாரு, நைட் டூட்டி.

சரின்னு வக்கீல் தேடப் போனோம். மொதல்ல ஒரு பெரிய வக்கீல். ஏசி ரூம், கண்ணாடி மேஜை. என் கதைய நான் மழையில இருந்து ஆரம்பிக்கிறேன், அவரு கைய நீட்டி நிறுத்திட்டாரு. "அம்மாஜி, தப்பு பண்ணேன்னு ஒத்துக்கோங்க. சின்ன ஃபைன், ஒரே நாள்ல காம் கதம், வேலை முடிஞ்சது." மருமகன் தலைய ஆட்டிட்டாரு. நான் கேட்டேன், "ஒத்துக்கிட்டா அது தண்டனைக் கணக்கா இல்லையா?" அவரு மேல ஓடுற ஃபேனைப் பாத்தாரு. ஏசி ரூம்ல ஃபேன் எதுக்குன்னு எனக்கு அப்பவே சந்தேகம். எந்திரிச்சு வந்துட்டேன்.

பொம்பளைங்களுக்குக் கோர்ட்டுலயே இலவசமா வக்கீல் குடுப்பாங்கன்னு வாசல்ல டீக்காரன் சொன்னான். போய்க் கேட்டா, ஒரு பொண்ணைக் காமிச்சாங்க. இங்கயே ரங்கத்ங்கிற ஊர்ல பொறந்து வளந்த தமிழ்ப் பொண்ணு. ஒல்லியா, கருப்பு கோட்டுக்குள்ள கோட்டு மட்டும் நிக்கிற மாதிரி இருந்தா. குரலு? கொசு பரவால்ல.

"மாப்ள, இது வேணாம். இந்தக் குரலு ஜட்ஜு வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? மீன் மார்க்கெட்டுல யாராச்சும் வக்கீலுக்குப் படிச்சிருக்காங்களான்னு பாருங்க."

அந்தப் பொண்ணுக்குக் கேட்டுருச்சு. கோவப்படல. "பாட்டி, கத்துறதுக்கு நீங்க இருக்கீங்களே. அன்னிக்கு பஸ்ல இருந்து என்ன கத்தினீங்களோ, அதே மாதிரி இப்ப கத்துங்க."

"இங்கயா?"

"இங்கயேதான். வார்த்தை மாறக்கூடாது."

எனக்குக் கத்தினதே மறந்துபோச்சு. ஆனா கைய இடுப்புல வச்சதும் தானா வந்துச்சு. "ஏ தீதி! ஹம் கல் மாரேகா! கல் மாரேகா!" வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. ஒரு போலீஸ்காரரு கைதியோட கையையே விட்டுட்டாரு.

வக்கீலம்மா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. தோள் குலுங்குது. "பாட்டி, கல்னா என்ன?"

"நாளைக்கு. ஹிந்தியில நாளைக்குத்தான கல்? நாளைக்குப் போன் மாரேகான்னேன். மறுநா லீவு, நேர்ல பாக்க முடியாது, மீதிச் சண்டைய போன்ல போடலாம்னு."

இந்தத் தீவுல போன் 'பண்ற' ஆளைப் பாக்க முடியாது, எல்லாரும் 'மாரா'தான், மாரான்னா அடிக்கிறது. போன் மாரா, ஊர் சுத்தினா சக்கர் மாரா, கடல்ல முங்கினா டுப்கி மாரா. பஸ் அவசரத்துல நான் 'போனை' முழுங்கிட்டேன். அண்ணாச்சி காதுக்கு முன்பாதி தமிழா விழுந்திருக்கு, பின்பாதி ஹிந்தியா விழுந்திருக்கு. கல்லு, அடிப்பேன். முடிஞ்சது கதை.

வக்காலத்துல கைநாட்டு வச்சேன். மை ஒட்டிக்கிச்சு, துடைக்க வெள்ளையா ஒரு துணி தொங்குச்சேன்னு துடைச்சேன். அது வக்கீலம்மா கழுத்துப் பட்டை. "நீங்க என்கிட்ட சொல்றது எதுவும் வெளிய போகாது பாட்டி"ன்னா. அடடா, இப்படி ஒரு ஆள் எனக்கு இத்தனை நாள் கிடைக்கலையேன்னு, எங்க தெருவுல நடக்கிறது மொத்தத்தையும் சொல்லிட்டேன். பாவம், எழுதி எழுதிப் பாத்துட்டுப் பேனாவ மூடி வச்சுட்டா.

கோர்ட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். மொதல்ல அண்ணாச்சி கூண்டேறினாரு. எந்த பாஷையில கத்தினாங்கன்னு வக்கீலம்மா கேட்டா.

"ஹிந்திதான் மேடம்."

"ஹிந்தியில கல்லுக்கு என்ன?"

"கல்லுதான் மேடம். கல்லு எல்லா ஊர்லயும் கல்லுதான?"

ஹிந்தியில கல்லுக்கு பத்தர், கல்னா நாளைக்குன்னு வக்கீலம்மா எடுத்துச் சொன்னா. ஜட்ஜு ஐயா மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டாரு, அது சிரிப்பு, எனக்குத் தெரியும். நான் செயிச்சாச்சுன்னு சேலையச் சரி பண்ணிக்கிறேன், சர்க்கார் வக்கீல் எந்திரிச்சாரு. "அப்படின்னா 'நாளைக்கு அடிப்பேன்'னு அர்த்தம் வருது. தேதி குறிச்சு மிரட்டியிருக்காங்க." கல்லே பரவால்லயே! கேஸைத் தள்ளி வச்சுட்டாங்க. வாய்தாவுக்கு வாய்தா பர்மிட்டு நெனப்புதான், உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியாம வடை சுட்டேன்.

அடுத்த வாய்தா தீதியோட முறை. அவளும் பட்டுச்சேலை. என்னோடதுதான் ஒசத்தி. வக்கீலம்மா அதே கொசுக் குரல்ல, அவசரமே இல்லாமக் கேக்குறா, "மறுநாள் இவங்க வந்து அடிச்சாங்களா?"

"நஹி."

"அப்புறம் என்னதான் செஞ்சாங்க?"

தீதி என்னைக் கைய நீட்டிக் காமிச்சு, ஆவேசமா, "சுபே சே ஃபோன் மாரா! பார் பார் மாரா! ஹம் நஹி உட்டாயா!"

காலைல இருந்து திரும்பத் திரும்ப போன் அடிச்சா, நான் எடுக்கவே இல்லங்கிறா.

வக்கீலம்மா ரொம்பப் பதவிசா, "ஃபோனை என்ன செஞ்சாங்க?"ன்னு இன்னொருக்கா கேட்டா.

"ஃபோன் மாரா..." பாதியிலயே தீதி வாய் நின்னுருச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "ஹாய் மா!"ன்னா பாருங்க, மொத்தக் கோர்ட்டும் சிரிச்சுச்சு. சர்க்கார் வக்கீல் காகிதத்தை வச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு. என்னால அடக்க முடியல. "ஏன்டி எடுக்கல? எடுத்திருந்தா இங்க வந்திருப்பமா?"ன்னு எந்திரிச்சுட்டேன். வக்கீலம்மா என் முந்தானையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா. ஒல்லியா இருந்தாலும் என்னா பலம்!

கண்ணாடிப் பெட்டி தென்னைமரத்துக்கு நேர் கீழதான் இருந்துச்சு, அங்க கல்லு எதுவும் கிடைக்கல, தேங்காய் விழுந்து உடைஞ்சிருக்கலாம்னு போலீஸ்காரரும் ஒத்துக்கிட்டாரு. என்னை விட்டுட்டாங்க. வெளிய வந்ததும் தீதி கேட்டா, "அன்னிக்கு போன்ல என்ன சொல்ல இருந்த?" தார்ப்பாயை மாத்திக் கட்டுன்னு சொல்ல இருந்தேன்னேன். "அன்னிக்கு ராத்திரியே கட்டிட்டேனே!"ங்கிறா. நாங்க ரெண்டு பேரும் சமோசா தின்னுக்கிட்டே பஸ்ஸுக்கு நின்னோம்.

பர்மிட்டு ஆபீஸ்ல கிளார்க் கேட்டாரு, "மாஜி, கேஸ் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நல்ல மழை..."

எனக்குப் பின்னாடி வரிசை வாசல் தாண்டி நிக்குது. நான் எண்ணெய்ச்சட்டி வெடிச்ச இடத்துக்கு வரும்போதே அவரு கோர்ட்டுத் தீர்ப்பைப் புரட்டிப் பாத்துட்டு, "பஸ் மாஜி, பஸ்!"னு, அதாவது போதும்னு, டபார்னு சீல் குத்திக் குடுத்துட்டாரு. மீதிக் கதை பாக்கி இருக்கேன்னு கேட்டேன். "அடுத்த ஆளு!"ன்னாரு. பர்மிட்டுத் தாள்ல எது தலை, எது காலுன்னு எனக்குத் தெரியல, ஆனா சீல் மட்டும் உருண்டையா, ஊதா கலர்ல, ரொம்ப அழகா இருந்துச்சு.