சுவரோரம் விட்ட அரை இஞ்ச்

வாசற்காலும் கதவும் செய்தே பேர் வாங்கியவன் நான். என் இணைப்பில் தலைமயிர் நுழையாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர், மாடியறைக்குத் தேக்குப் பலகைத் தளம் போடக் கூப்பிட்டார். அவர் மனைவிக்கு மூட்டுவாதம், மொசைக் தரையின் குளிர் ஆகவில்லை. ஊன்றுகோலோடு நடப்பவர். தரைவேலை எனக்குப் புதிது. கொச்சியில் அதைப் பழகி வந்திருந்த என் மனைவியின் தம்பியைச் சேர்த்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் பலகைகளைக் கோத்து அடித்தோம். மழைக்கு மரம் உப்பும், நாலு சுவரோரமும் அரை இஞ்ச் விடவேண்டும், மேலே மரப்பட்டி அடித்தால் தெரியாது என்றான் அவன். விட்டும் வைத்தான். எனக்கோ இடைவெளியைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் நான். அவன் சாயங்காலம் பஸ் ஏறியதும், அந்த இடைவெளி முழுக்கத் தேக்குத் துண்டுகளை இறுக்கி அடித்து, பட்டியால் மூடிவிட்டேன். மறுநாள் அவன் வந்து உப்புத்தாள் தேய்த்தான். அந்த ஊர் பேண்டேஜ் கம்பெனியில் வாங்கிய கழிவுத் துணியால் மூன்று கை வார்னிஷ் பூசினோம்.

ஐப்பசி அடைமழையில் தளம் நடுவே கூன் போட்டு எழுந்தது. அந்த அம்மா இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கத்தவில்லை. "யாரு அளவு போட்டது?" என்று மட்டும் கேட்டார். தான் விட்ட இடைவெளிதான் போதவில்லை என்று நம்பிய அவன், "நாந்தாங்க" என்றான். தளத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போ, இனி இந்த ஊரில் எந்த வீட்டிலும் உளி எடுக்காதே என்று அவனிடம் சொன்னார்.

பட்டியைக் கழற்றியது அவன்தான். அடியில் நான் அடித்த துண்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை நெம்பியெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் கைவேலை அவனுக்குத் தெரியாதா? முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை போதும். அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் பேசினான். "நான் அக்காட்ட சொல்ல மாட்டேன், அத்தான். நீங்களே சொல்லிருங்க."

மறுவாரமே கொச்சிக்குத் திரும்பிப் போனான். தம்பி ஏன் பொங்கலுக்குக்கூட வருவதில்லை என்று என் மனைவி ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள். அங்கே வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.