மைக் டெஸ்ட்டில் முருகேசன் சொன்னது

எனக்கும் என் தோழி ஜெசிந்தாவுக்கும் நடந்துகொண்டிருந்த ஒரு சண்டை போன ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. தோற்றது நான்.

ஜெசிந்தா திண்டுக்கல்லில் கல்லூரிப் பேராசிரியை. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, விவசாயிகளின் மனக்கவலைகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். அகரம் பக்கத்துப் பூ விவசாயிகளைத் தனியாகப் பேசவிட்டு, ஒலிப்பதிவு செய்து, பெயரை நீக்கிவிட்டு, அந்த நாட்டு ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொள்வார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவர் முருகேசன். போன கோடையில் மாரடைப்பு வந்து போய்ச்சேர்ந்துவிட்டார்.

அவர் மனைவி பாண்டியம்மாள், பஸ் ஏறி ஜெசிந்தாவைத் தேடி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"போட்டோ கெடக்கு டீச்சர். மக கல்யாண வீடியோலகூட நல்லா நிக்கிறாரு. ஆனா அது முழுக்க சினிமாப் பாட்டப் போட்டுவச்சிருக்காய்ங்க. அவரு பேச்சு எங்கயுமே இல்ல... உங்ககிட்டதான் இருக்கு. ஒருக்கா கேட்டுட்டுப் போயிர்றேன்."

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அவர் போனதும் நான் கத்தினேன் – "ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா குடியா முழுகிரும்?"

"நீ எழுதுறவ, உனக்கு எல்லாம் ஈஸி. 'உங்க வீட்டு ஆளுகளுக்குக்கூடப் போட்டுக் காட்ட மாட்டோம்'னு சொன்ன பெறகுதான் அந்த மனுசன் வாயத் தொறந்தாரு. அவரு செத்துட்டா நான் குடுத்த வாக்கு இல்லேன்னு ஆயிருமாடி?"

எனக்குக் கோபம் போகவில்லை.

வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விமானம், கோட்டு, கருத்தரங்கில் கேசரி... அதற்கு முன்னால் இரண்டு நாட்டிலும் நெறிமுறைக் குழு, தகவல் பாதுகாப்புச் சட்டம், அனுமதிக்கு மேல் அனுமதி. எல்லாம் வேலைக்கு இடைஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பூ விவசாயி மனம்விட்டுப் பேசியதற்குக் காவல் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வழி சொன்னது அந்த நாட்டில் இருக்கும் கூட்டாளிப் பெண். தமிழில் அவருக்கு 'வணக்கம்' தாண்டி ஒன்றும் தெரியாது. பேட்டிக்கு முன்னால், மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 'காலைல என்ன சாப்டீங்க?' என்று கேட்பது ஜெசிந்தாவின் வழக்கம். அது ஆய்வில் சேராது. ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். அந்தத் துண்டை மட்டும் கொடுத்தால் என்ன?

இரண்டு நாட்டுக் குழுக்களும் மாதக்கணக்கில் யோசித்து, சரி என்றன.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனோம். ஜெசிந்தா அந்தத் துண்டைப் பாண்டியம்மாளின் போனில் ஏற்றிக் கொடுத்து, அழுத்தினாள். முருகேசன் பேசினார்.

"காலைலயா? பழைய சோறும் கத்திரிக்காக் கொழம்பும். கொழம்புலதான் உப்பு கம்மி... வீட்டுல சொல்லிராதீங்க டீச்சர், கோவிச்சுக்குவா."

அவ்வளவுதான்.

பாண்டியம்மாள் முதலில் சிரித்தார். "போயிம் கொறை சொல்றாரு பாருங்க!" பிறகு வெகுநேரம் அழுதார். எங்களுக்கும் அழுகை வந்துவிட்டது.

"மிச்சத்துல என்ன டீச்சர் சொன்னாரு?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, விடுங்க. எங்கிட்ட சொல்ல முடியாதத உங்கள நம்பிச் சொல்லிருக்காரு. அது அங்கனயே இருக்கட்டும்."

நான் தோற்றது அந்த இடத்தில்தான். தோற்றதில் எனக்குச் சந்தோஷம்.

நேற்று ஜெசிந்தாவுக்குப் பாண்டியம்மாளிடமிருந்து போன்.

"கொழம்பு கொதிக்கையில தெனமும் போட்டுக் கேக்குறேன் டீச்சர். கேட்டதும் ஒரு கல்லு உப்பு கூடப் போட்டுர்றேன்."