வேளாங்கண்ணி வழிக்கு ஓர் அடுப்பு

அந்த வருஷம் வேளாங்கண்ணி நடைக்கு எந்த அடுப்பைக் கொண்டுபோவது என்று எங்கள் வீட்டில் ஒரு மாசம் சண்டை. சீமெண்ணெயா, கேஸா? கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது குவைத்துக்குப் போவதா, திருக்காட்டுப்பள்ளியிலேயே கிடப்பதா என்கிற கேள்வி.

மகனுக்கு சவூதி விசா கிடைத்தால் ஏழு வருஷம் நடைக்காரர்களுக்கு மருமகள் வழியெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள் என்று என் மாமியார் மாதாவிடம் வேண்டிக்கொண்டார். விசா வந்தது. என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். வேண்டிக்கொண்டது ஒருத்தர், பறந்தது ஒருத்தர், அடுப்பு முன்னால் உட்கார்ந்தது நான். கல்யாணமாகி அப்போது நாலு மாசம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புதுப்பெண் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் தெருவிலிருந்து இருபத்திரண்டு பேர் நடப்பார்கள். கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர ஐந்து நாள். தள்ளுவண்டியில் அரிசி மூட்டை, பெரிய குண்டான், பெட்ரோமாக்ஸ் விளக்கு, சீமெண்ணெய் கேன், பம்ப் அடுப்பு. அந்த அடுப்பு லேசுப்பட்டதில்லை. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது அணையப்போகிற சமயம் பார்த்துக் காற்றடிக்க வேண்டும். முந்தினால் எண்ணெய் பீய்ச்சி ஆள் உயரத்துக்கு எரியும். பிந்தினால் ஒரே புகை. நர்ஸ் படித்த கை என்னுடையது, ஊசி போட்டுப் பழகியது, அடுப்பில் எண்ணெய் வரும் நிப்பிள் துளை அடைத்தால் பின் குத்தவும் சீக்கிரம் பழகிவிட்டது. என் ஓரகத்திக்கு, அதாவது மூத்த மருமகளுக்கு, முதல் வருஷமே முந்தானையில் தீப்பிடித்தது. அதற்கப்புறம் அவள் அந்த அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆக, அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

மூன்றாம் வருஷம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ. தேதியைப் பார்த்தேன். நடையின் நாலாவது நாள்.

"நேர்ச்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் மாமியார்.

"இந்த வருஷத்தோட சேத்து இன்னும் அஞ்சு இருக்கு அத்தை."

"அஞ்சு வருஷம் என்ன, கண்ணை மூடித் தொறந்தா ஓடிரும்."

வெள்ளிக்கிழமை போனில் என் வீட்டுக்காரரும் "அம்மா சொல்றதைத்தான் கேளேன்" என்றார். பறந்துபோனவருக்குச் சொல்வதற்கென்ன. போனை வைத்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அழுதேன், பெரும்பாலும் கோபத்தில்.

நான் விடவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "மருமகள்னுதானே வேண்டிக்கிட்டாங்க? மூத்த மருமகளும் மருமகதான்" என்றார். மாமியாரால் சாமியாரை மீறிப் பேச முடியவில்லை. ஓரகத்தி, "கேஸா இருந்தா நான் காய்ச்சிடறேன். அந்தப் பேய்கிட்ட மட்டும் என்னை விட்டுடாதீங்க" என்றாள். அன்றிலிருந்து நான் கேஸ் கட்சி.

எதிர்க்கட்சி என் மச்சாண்டார், வீட்டுக்காரரின் அண்ணன். நடைக்கு அவர்தான் தலைவர். குரலை உயர்த்தாத மனுஷன். "விளக்குக்கு எப்படியும் சீமெண்ணெய் எடுக்கணும். ரெண்டுக்கும் ஒரே எண்ணெய், ஒரே கேன். வழியில கேஸ் தீந்தா எங்கம்மா மாத்துவ?" என்பார். அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேஷன் எண்ணெயில் பாதி தண்ணீர், நிப்பிள் அடைக்கிறது என்பேன் நான். லீவில் வந்தபோது என் வீட்டுக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஸ் அடுப்பு கொண்டுவந்திருந்தார். கூட வந்த டப்பா தீர்ந்ததும் தஞ்சாவூர் முழுக்க அலைந்தும் வேறு டப்பா கிடைக்கவில்லை. அலமாரியில் பொம்மை மாதிரி நிற்கும் அதைக் காட்டி, "இந்தா, உன் கேஸ்" என்பார் மச்சாண்டார். டீசல் ஊற்றினால் என்ன என்று தெருக்காரர் ஒருவர் கேட்டார். கஞ்சியில் பம்புசெட் வாசம் வரும் என்று அவரை உட்காரவைத்தோம்.

பழைய அடுப்பு நன்றாக இருக்கிறவரை நான் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் பம்பைத் திருகி எடுத்து, அதன் நுனியில் இருந்த தோல் வாஷரைக் கழற்றினேன். அதில்லாமல் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. வாஷரைக் கைப்பைக்குள் ஜெபமாலையோடு போட்டுக்கொண்டேன். மாதாவே, மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

மறுநாள் மச்சாண்டார் அடித்துப் பார்த்தார். ஏறவில்லை.

"அதுக்கு வயசாயிடுச்சு அத்தான்" என்றேன்.

அடுப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கேஸே எடுப்போம்" என்றார். ஆனால் பழையதையும் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார். "இருக்கட்டும்."

சின்ன சிலிண்டரோடு அவர்கள் கிளம்பிப் போனார்கள். நான் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தஞ்சாவூரில் சென்னை பஸ். அன்று மத்தியானம், நான் சாப்பிட உட்கார்ந்தபோது, வாசலில் மச்சாண்டார் நின்றார். காலில் செருப்பில்லை, வேட்டியெல்லாம் புழுதி.

"கேஸ் தீந்துபோச்சும்மா. ரெண்டு நாளா வயக்காத்து. எரிஞ்சதுல பாதி காத்தோட போச்சு. பழைய அடுப்புல காத்து ஏறல. மழை வேற, வெறகெல்லாம் ஈரம். எல்லாரும் கொரடாச்சேரியில உக்காந்திருக்காங்க. உன் கைக்குத்தான் அது கேக்கும், வா."

"கஞ்சி நின்னா நேர்ச்சை முறிஞ்சிரும்" என்று மாமியார் உள்ளேயிருந்து சொன்னார். அவருக்குப் பயம். மகன் அக்கரையில் இருக்கிறான் அல்லவா.

வாஷர் என் கைப்பையில் இருந்தது. இந்தாங்க, இதை மாட்டிக்கிட்டு நீங்களே பத்தவைங்க என்று எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் கொடுத்தால் நான் திருடி. மாதாவுக்கு நேர்ந்த அடுப்பில் கைவைத்தவள். அந்தப் பேரோடு ஊரில் எப்படி முழிப்பேன்? சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பிறகு கையைக் கழுவினேன். யாரும் பார்க்காமல் மாட்டி, பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சான்றிதழ் பையையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மச்சாண்டார் அதைப் பார்த்தார்.

தஞ்சாவூரில் பஸ் மாறினோம். நீடாமங்கலம் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலையிலயும் கஞ்சி இருக்கும்மா" என்றார். "நாளன்னைக்கும் இருக்கு."

கொரடாச்சேரியில் இறங்கி நடந்தோம். வழியில் இரண்டு சைக்கிள் கடைகள் திறந்திருந்தன. இரண்டின் வாசலிலும் கம்பியில் கோத்துத் தோல் வாஷர்கள் தொங்கின, சின்னதும் பெரியதுமாக. அடுப்புப் பம்புக்கும் அதே வாஷர்தான். அவர் நிற்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

கோவில் மரத்தடியில் எல்லோரும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஓரகத்தி குண்டானில் அரிசியைக் களைந்து வைத்திருந்தாள். நான் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பம்பைத் திருகி வெளியே எடுத்து, முந்தானை மறைவில் கைப்பைக்குள் வாஷரைத் தேடினேன். பக்கத்தில் மச்சாண்டார் குந்தினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இத்தனை நாளா பையில கிடந்தது, காஞ்சிருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் போட்டுட்டு மாட்டு."

தேங்காயெண்ணெய் பாட்டிலை அவரே மூடி திறந்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.